சாலையின் சத்தம் காருக்குள் வரும் வழி

சனிக்கிழமை மாலையில் சிராங்கூன் சாலையோரம் சற்று நேரம் நின்று பாருங்கள். பேருந்துகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் நடுவே, தரையோடு தரையாகப் பதுங்கிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று ஊர்ந்து வரும். பூக்கடை வாசலில் நிற்பவர்கள்கூட ஒரு நிமிடம் திரும்பிப் பார்ப்பார்கள். வெளியே நிற்பவருக்கு அது கண்ணுக்கு விருந்து. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு எப்படி இருக்கிறது என்பது வேறு கதை.

எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர், இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் தம் தாயாரை அதில் தேக்கா சந்தைக்கு அழைத்துச் செல்வார். சில மாதங்களுக்குப் பிறகு, சில ஆயிரம் வெள்ளி செலவழித்து, காரின் சஸ்பென்ஷனை மாற்றினார். வளைவுகளில் கார் முன்பைவிட உறுதியாகத் திரும்பியது, அவருக்குப் பெருமகிழ்ச்சி. மூன்றாவது வாரம் தாயார் சொன்னார்: “நீ காரில் வா, தம்பி. நான் பேருந்தில் வந்துவிடுகிறேன். உள்ளே உட்கார்ந்தால், பித்தளை அண்டாவைத் தலைமேல் கவிழ்த்துத் தட்டுவதுபோல இருக்கிறது.”

கார் வேகமாகப் போகவில்லை. இயந்திரத்தையும் அவர் தொடவில்லை. பிறகு அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது?

சஸ்பென்ஷன் என்பது சக்கரங்களையும் காரின் உடலையும் இணைக்கும் அமைப்பு. அதில் சுருள்வில் காரின் எடையைத் தாங்குகிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது சுருள்வில் அமுங்கி, பிறகு விரிகிறது. அதைத் தனியே விட்டால் கார் ஊஞ்சல்போல மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவதற்காக எண்ணெய் நிரம்பிய குழாய் ஒன்று இருக்கிறது. பட்டறைகளில் அதை அப்சார்பர் என்பார்கள். இவற்றோடு சக்கரத்தைச் சரியான நிலையில் பிடித்து வைக்கும் இரும்புக் கைகள் உண்டு. அந்தக் கைகள் காரின் உடலோடு சேரும் இடங்களில் சிறு ரப்பர் வளையங்கள் இருக்கும். அவற்றுக்கு ‘புஷ்’ என்று பெயர். பார்வைக்கு அற்பமான பொருள்தான். ஆனால், நம் கேள்விக்கான விடையில் பாதி அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உடம்பு உணரும் அதிர்வு வேறு; காது கேட்கும் சத்தம் வேறு. ஒரு பொருள் வினாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதை ஹெர்ட்ஸ் என்னும் அளவால் குறிப்பிடுகிறோம். சாதாரணக் கார் ஒன்று தன் சுருள்வில்களின்மேல் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு முறை, அல்லது அதைவிடச் சற்று அதிகமாக, மெல்ல ஆடும். நாம் நடக்கும்போது ஏற்படும் அசைவைவிட அது மெதுவானது. அதனால் நமக்கு அது தொந்தரவாகத் தெரிவதில்லை. சுருள்வில்லின் விறைப்பை இரண்டு மடங்காக்கினால் இந்த ஆட்டம் ஏறக்குறைய 1.4 மடங்கு விரைவாகும். மேலும் கீழுமான அதிர்வில், 4 முதல் 8 ஹெர்ட்ஸ் வரை உள்ளதைத்தான் மனித உடல் மிகவும் உணர்கிறது. விறைப்பு கூடக் கூட, நம் உடல் விரும்பாத அந்த எல்லையை நோக்கிக் கார் நகர்கிறது. வேகத்தடையில் ஏறும்போது வயிறு குலுங்குவதும், பாலத்தின் இணைப்புகளைக் கடக்கும்போது முதுகில் குத்துவதும் அதனால்தான்.

காதுக்கு வரும் சத்தம் இதைவிட மிக விரைவான அதிர்வு. சாலையின் சொரசொரப்பால் எழுந்து காருக்குள் கேட்கும் உறுமல், பெரும்பாலும் 30 முதல் 500 ஹெர்ட்ஸ் வரை இருக்கும். சுருள்வில்லின் விறைப்புக்கும் இந்த உறுமலுக்கும் உள்ள உறவு, பலரும் நினைப்பதைவிடக் குறைவு. ‘விறைப்பான சுருள்வில் போட்டேன், சத்தம் கூடிவிட்டது’ என்று சொல்பவர்கள், பல நேரங்களில் சுருள்வில்லோடு சேர்த்து மாற்றப்பட்ட வேறொரு பாகத்தை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கைப்பேசியை அதிரும் நிலையில் வைத்து, மரமேசைமேல் விடுங்கள். அழைப்பு வந்தால் மேசையே உறுமும். இப்போது கைப்பேசிக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை வையுங்கள். உறுமல் அடங்கிவிடும். கைப்பேசி முன்போலத்தான் அதிர்கிறது; ஆனால் அந்த அதிர்வு மேசைக்குப் போய்ச் சேரவில்லை. வீணையிலும் இப்படித்தான். தந்தியின் அதிர்வு குதிரை வழியாகக் குடத்துக்குச் சென்ற பிறகே நாம் கேட்கும் நாதம் பிறக்கிறது. காரின் தரைத் தகடும் கூரையும் கதவுகளும் அந்த மேசையைப் போன்றவை. ரப்பர் புஷ்தான் மடித்த துண்டு.

ரப்பர் வளைந்து கொடுக்கிறது. அதோடு, தன்னுள் வரும் அதிர்வின் ஒரு பகுதியை வெப்பமாக மாற்றிவிடுகிறது. செயற்கைப் பொருள்கள் எத்தனையோ வந்த பிறகும், புஷ் செய்வதற்கு இயற்கை ரப்பரை இன்றும் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். பல லட்சம் முறை முறுக்கினாலும் அது எளிதில் வெடிப்பதில்லை. அந்த ரப்பரின் கதையில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. 1877ஆம் ஆண்டு, லண்டனின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888ஆம் ஆண்டு சிங்கப்பூர்ப் பூமலையின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கே சோதித்துச் செம்மைப்படுத்தினார். பின்னர் மலாயாவெங்கும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. விடியற்காலையில் அந்த மரங்களைச் சீவியவர்களில் பெரும்பகுதியினர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். உங்களில் சிலருடைய கொள்ளுத் தாத்தா, பாட்டிகளும் அவர்களில் இருந்திருக்கலாம்.

ரப்பருக்கு ஒரு குறையும் உண்டு. அது வளைந்து கொடுப்பதால், வளைவில் விரைந்து திரும்பும்போது சக்கரமும் தன் நிலையிலிருந்து இம்மியளவு விலகும். சாதாரண ஓட்டுநருக்கு அது தெரியாது. வேகத்தை விரும்புபவருக்கு அது ஒரு தயக்கம்போலத் தோன்றும். ஸ்டியரிங்கைத் திருப்பியவுடன் கார் திரும்ப வேண்டும் என்பது அவர் விருப்பம். எனவே ரப்பரை எடுத்துவிட்டு, அதைவிடக் கடினமான பாலியூரித்தேன் புஷ் போடுகிறார்கள். ரப்பர் புஷ் உலோகத்தோடு ஒட்டியிருந்து முறுக்கிக்கொள்ளும். பாலியூரித்தேன் புஷ் பெரும்பாலும் உலோகக் குழாயின்மேல் உரசிச் சுழலும். அதன் மசகு காய்ந்துவிட்டால், பழைய கதவுபோலக் கிறீச்சிடும். இன்னும் ஒரு படி மேலே போனால், வளையும் பொருளே இல்லாமல் உலோகக் குண்டு மூட்டு வைப்பார்கள். போர்ஷ 911 ஜிடி3 ஆர்எஸ் போன்ற கார்களில் தொழிற்சாலையிலேயே அப்படிச் செய்கிறார்கள். அந்தக் காரை வாங்குபவர் அமைதியை எதிர்பார்த்து வாங்குவதில்லை.

குண்டு மூட்டு பந்தயக் கார்களிலிருந்து வந்த பழக்கம். பந்தயம் என்றால் நமக்கு மரினா பே நினைவுக்கு வரும். 2008ஆம் ஆண்டு, ஃபார்முலா 1 வரலாற்றின் முதல் இரவுப் பந்தயம் அங்கே நடந்தது. கோயம்புத்தூரைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், ஃபார்முலா 1 கார் ஓட்டிய முதல் இந்தியர். 2012ஆம் ஆண்டு அவரும் அந்தத் தடத்தில் ஓட்டினார். ராஃபிள்ஸ் புலவார், நிக்கல் நெடுஞ்சாலை என்று, மற்ற நாள்களில் நம் பேருந்துகள் ஓடும் சாலைகளே பந்தய நாள்களில் தடமாகின்றன. பேருந்தில் போகும்போது நாம் கவனிக்காத மேடுபள்ளமும் பந்தயக் காரில் சம்மட்டி அடிபோல விழும். அங்கே ஓட்டுநரைக் காப்பதற்கு மென்மையான புஷ் எதுவும் இல்லை. தலைக்கவசத்துக்குள் காதடைப்பானும் கட்டுமஸ்தான உடலும்தான் துணை.

அந்த உடலுக்கும் ஓர் எல்லை உண்டு. 2022ஆம் ஆண்டு, புதிய விதிகளின்படி செய்யப்பட்ட ஃபார்முலா 1 கார்கள், நேர்பாதையில் வேகமாகச் செல்லும்போது குதிக்கத் தொடங்கின. அவை தரையை ஒட்டி, மிக விறைப்பான சஸ்பென்ஷனோடு ஓடியதும் அதற்கு ஒரு காரணம். பாகு நகரில் நடந்த பந்தயத்தின் முடிவில், ஏழு முறை உலக வெற்றியாளரான லூயிஸ் ஹாமில்டன் முதுகைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து மெல்ல இறங்கினார். அதே ஆண்டில், கார் மேலும் கீழுமாக எவ்வளவு குதிக்கலாம் என்பதற்கு அனைத்துலக மோட்டார் வாகனக் கூட்டமைப்பு ஒரு வரம்பு விதித்தது. ஒன்றரை மணி நேரம் ஓட்டுவதற்கென்றே பயிற்சி பெற்றவர்களுக்கே இப்படி என்றால், சந்தைக்குப் போகும் தாயாருக்கு எப்படி இருக்கும்?

நம் இளைஞரின் காருக்குத் திரும்புவோம். அவர் வாங்கிய சஸ்பென்ஷன் தொகுப்பில் சுருள்வில்லும் அப்சார்பரும் இருந்தன. அப்சார்பரின் தலைப்பகுதி காரின் உடலோடு சேரும் இடத்தில் முன்பு தடிமனான ரப்பர் இருந்தது. புதிய தொகுப்பில் அதற்குப் பதில் உலோகக் குண்டு மூட்டு வந்தது. அவர் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அப்சார்பருக்கும் ஒரு குணம் உண்டு. பெரிய மேடு வந்தால் அது அமுங்கும். சாலையின் சிறு சொரசொரப்பில், உள்ளே இருக்கும் உராய்வால் அது அசையாமல் இறுகி நிற்கும். அப்போது அது வெறும் இரும்புக் கம்பிதான். அதற்கு மேலே ரப்பரும் இல்லையென்றால், சாலையின் ஒவ்வொரு மணியும் நேரே தகட்டில் வந்து தட்டும்.

இதோடு அவர் சக்கரத்தையும் மாற்றியிருந்தார். பெரிய உலோகச் சக்கரம், அதைச் சுற்றி மெல்லிய டயர். டயருக்குள் இருக்கும் காற்றும் அதன் பக்கச் சுவரும்தான் சாலை அதிர்வைச் சந்திக்கும் முதல் மெத்தை; அந்த மெத்தையை அவர் பாதியாக்கிவிட்டார். காரைத் தாழ்த்தியதால் சுருள்வில் அமுங்குவதற்கான இடமும் குறைந்தது. அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தின் சரிவில் இறங்கும்போதெல்லாம், அடியில் இருக்கும் தடுப்பு ‘டக்’ என்று மோதியது.

அவர் சும்மா இருக்கவில்லை. கைப்பேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை இறக்கி, தீவு விரைவுச்சாலையில் நண்பரின் மாற்றப்படாத காரையும் தம் காரையும் அளந்தார். இரண்டுக்கும் இரண்டு டெசிபெல்தான் வேறுபாடு. “அம்மா மிகைப்படுத்துகிறார்” என்று முடிவு கட்டினார். இங்கே அவர் ஏமாந்தார். நம் காது தாழ்ந்த ஒலிகளை மந்தமாகக் கேட்கும் என்பதால், இத்தகைய அளவிகள் தாழ்ந்த ஒலிகளைக் கழித்தே கணக்கிடுகின்றன. வழக்கமான கணக்கில் 100 ஹெர்ட்ஸ் ஒலிக்கு ஏறத்தாழ 19 டெசிபெலும், 50 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 30 டெசிபெலும் கழிக்கப்படும். அண்டாவைத் தட்டியதுபோன்ற அந்த முழக்கம் பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த ஒலிதான். எண்ணில் அது ஒளிந்துகொள்ளும்; இருக்கையிலும் காதடைப்பிலும் தலைவலியிலும் தெரிந்துவிடும். கருவி காட்டும் எண்ணைவிட, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவர் சொல்வது சில நேரங்களில் துல்லியமானது.

கதவிலும் தரையிலும் சத்தம் அடக்கும் விரிப்பு ஒட்டினால் சரியாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். ஓரளவு குறையும். ஆனால், விரிப்பு எடையைக் கூட்டும். எடையைக் குறைத்துச் செய்யப்பட்ட காரில் அதைத் திரும்ப ஏற்றுவது எனக்கு விந்தையாகப் படுகிறது. அதிர்வு தகட்டுக்கு வந்துசேர்ந்த பிறகு அடக்குவதைவிட, வரும் வழியில் மறிப்பது எளிது.

உறுதியும் மென்மையும் ஒன்றாகக் கிடைக்க வழி தேடியவர்களும் உண்டு. காந்தத்தால் கெட்டியாகும் எண்ணெய் அவற்றுள் ஒன்று. மிக நுண்ணிய இரும்புத் துகள்கள் கலந்த அந்த எண்ணெயின் அருகே மின்காந்தத்தை இயக்கினால், கண் இமைக்கும் நேரத்திற்குள் அது இறுகும், நிறுத்தினால் இளகும். 2002ஆம் ஆண்டு மாடலாக வந்த கேடிலாக் கார் ஒன்றில் இந்த வகை அப்சார்பர் முதலில் இடம்பெற்றது. பின்னர் கொர்வெட், ஃபெராரி போன்ற ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் வந்தது. வளைவில் விறைப்பு, நேர்சாலையில் மென்மை. ஆனால், விலை அதிகம். அதோடு, ரப்பரின் வேலையை அதனாலும் முழுமையாகச் செய்ய முடியாது.

சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளில் உச்ச வேக வரம்பு மணிக்கு 90 கிலோமீட்டர். பந்தயத் தடத்தில் ஒரு வினாடியை மிச்சப்படுத்தும் பாகம், இங்கே எதையும் மிச்சப்படுத்துவதில்லை. அந்த இளைஞருக்கும் இது மெல்லப் புரிந்தது. அவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழற்றிவிடவில்லை. முதலில் டயரின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தார். அடுத்து, பழைய அளவுச் சக்கரத்தையும் டயரையும் போட்டு, அதே சாலையில், அதே வேகத்தில், தாயாரை உட்கார வைத்து ஓட்டினார். உறுமல் சற்றுக் குறைந்தது. இரண்டு வாரம் கழித்து, அப்சார்பரின் தலையில் இருந்த குண்டு மூட்டை எடுத்துவிட்டு மீண்டும் ரப்பர் வைத்தார். அண்டாச் சத்தம் நின்றது. காரை ஒரு விரற்கடை உயர்த்தியதும் ‘டக்’ என்ற மோதலும் போனது. விறைப்பான சுருள்வில்லை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. பாலத்தின் இணைப்புகளில் கார் இன்னும் சிறிது குலுங்குகிறது. அதைத் தாயார் பொறுத்துக்கொள்கிறார்.

இப்போது ஞாயிறு காலையில் இருவரும் ஒன்றாகவே தேக்காவுக்கு வருகிறார்கள். இருக்கை மிகத் தாழ்வாக இருப்பதால், இறங்கும்போது மட்டும் மகன் சுற்றி வந்து கை கொடுக்க வேண்டியிருக்கிறது.