பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்த இன்னொருத்தர் யார்?

வாட்டர் போலோ பார்த்திருக்கீங்களா? தண்ணீருக்குள் பந்தை எறிந்து கோல் போடும் ஆட்டம். ஓர் அணிக்கு கோலியோடு சேர்த்து 7 பேர். ஆட்டக்காரர்கள் அடியில் கால் ஊன்றக் கூடாது. கோலி தவிர மற்றவர்கள் ஒரு கையால்தான் பந்தைப் பிடிக்கணும்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இதில் தேசியப் போட்டியே உண்டு. ஆண்களுக்கு 1969-லும் பெண்களுக்கு 2001-லும் தொடங்கியது. அங்கே கரையில் நின்று கத்துகிறவர் தலைமைப் பயிற்சியாளர். டிவி கேமராவும் அவரைத்தான் காட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் உதவிப் பயிற்சியாளர். அட, இவருக்கு என்னதான் வேலை?

வேலை நிறைய இருக்கு! முதலில் கால். மோர் கடைகிற மாதிரி இரண்டு காலையும் மாற்றி மாற்றிச் சுழற்றினால்தான் மூழ்காமல் நிமிர்ந்து நிற்க முடியும். இதற்கு ‘எக் பீட்டர்’ உதை என்று பெயர். தண்ணீர் கேனைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டே இப்படி மிதக்கச் சொல்வார்கள். கேட்கும்போதே நமக்குக் கால் வலிக்குது! கோலிக்குத் தனிப் பயிற்சி. இவரே பந்தை எறிந்து எறிந்து தடுக்கச் சொல்லணும்.

அடுத்தது வீடியோ. பெரிய தப்பு செய்த ஆட்டக்காரர் சில விநாடிகள் வெளியே போகணும். அப்போ 6 பேருக்கு எதிராக 5 பேரும் கோலியும்தான். எதிரணி அந்த நேரத்தில் எந்த மூலையிலிருந்து அடிப்பார்கள் என்று பழைய ஆட்டங்களைப் பார்த்துக் குறித்து வைப்பார். அப்படி மூன்று தப்பு சேர்ந்தால் அந்த ஆட்டக்காரருக்கு மேட்ச் அவ்வளவுதான். யாருக்கு இரண்டு ஆச்சு என்ற கணக்கும் கையில் இருக்கணும்.

இவ்வளவும் செய்த பல பேருக்குச் சம்பளமே கிடையாது, தெரியுமா? ‘தன்னார்வப் பயிற்சியாளர்’ என்று ஒரு பதவி வைத்திருந்தார்கள். பெயர் அழகாகத்தான் இருக்கு, ஆனா பர்ஸ் காலி! மற்ற விளையாட்டுகளிலும் இதே கதைதான். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, 2023 ஜூலை 1 முதல் முதல் பிரிவுக் கல்லூரிகளில் இந்தப் பதவியை எடுத்துவிட்டது. ரொம்ப லேட் என்றுதான் நான் சொல்வேன்.

இந்த பெஞ்சிலிருந்து எழுந்தவர்களைப் பாருங்கள். ஆடம் கிரிகோரியன், யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் ஆடி, அங்கேயே உதவிப் பயிற்சியாளராக இருந்து, பிறகு தலைமைப் பயிற்சியாளர் ஆனவர். அமெரிக்கப் பெண்கள் அணி 2012, 2016, 2021-இல் நடந்த டோக்கியோ என்று மூன்று ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வாங்கியது இவர் பயிற்சியில்தான். யு.சி.எல்.ஏ.வில் இவருக்கு உதவியாளராக இருந்த ஆடம் ரைட், 2009-இல் இவருடைய இடத்துக்கு வந்தார். 2012 லண்டனில் கிரிகோரியன் கரையில் நின்று தங்கம் வாங்கித் தந்தபோது, ரைட் அமெரிக்க ஆண்கள் அணிக்காகத் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தார்!

– 9 ‘ஆ’ பிரிவு மாணவன்