வீடே முதல் பள்ளிக்கூடம்

1925-ஆம் வருஷத்தில் ஒரு நாள். அமெரிக்காவில் ஒரு வீட்டில் பத்து மாதக் குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது. தாயார் வந்தபோது கதவு படாரென்று சாத்திக்கொண்டது. குழந்தை விழித்துக்கொள்ளுமே என்று தாயார் பதறினார். குழந்தை அசையவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார், அப்போதும் அசையவில்லை. கையால் தொட்ட பிறகுதான் அது கண் திறந்தது. தம் மகனுக்குக் காது கேளாது என்பதை அந்தத் தாய் அப்படித்தான் கண்டுகொண்டார்.

அவர்தான் லூயிஸ் ட்ரேஸி அம்மையார். பிற்காலத்தில் ஹாலிவுட்டில் பெரும் புகழ் பெற்ற நடிகர் ஸ்பென்ஸர் ட்ரேஸியின் மனைவி. குழந்தையின் பெயர் ஜான். இவன் பேசவே மாட்டான் என்று வைத்தியர்கள் கைவிரித்தார்கள். அம்மையார் மட்டும் கைவிரிக்கவில்லை.

இப்போது நமது வீடுகளுக்கு வருவோம். குழந்தைக்கு ஒன்றரை வயதாகியும் "அம்மா" என்ற சொல் வரவில்லை. தாய் கவலைப்படுகிறாள். பாட்டி சமாதானம் சொல்கிறாள்: "உன் மாமனார் கூட நாலு வயதில்தான் பேசினார்; அப்புறம் யாராவது அவர் வாயை மூட முடிந்ததா?" நாக்கில் வசம்பு தடவுகிறோம், கோயிலுக்கு வேண்டிக்கொள்கிறோம். பாட்டியின் அன்பிலும் நமது பக்தியிலும் குறையில்லை. ஆனால் குறை நாக்கில் இல்லையே! நாம் 'ஊமை' என்று சொல்லி ஒதுக்கிய எத்தனையோ குழந்தைகளின் நாக்கும் தொண்டையும் நன்றாகத்தான் இருந்தன. காதில் விழாத சொல்லை வாய் எப்படித் திருப்பிச் சொல்லும்?

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்பார்கள். பாஷை விஷயத்தில் ஐந்து வயதே தாமதம் என்கிறார்கள் இன்றைய நிபுணர்கள். சப்தத்தை வாங்கிப் பொருள் காணும் மூளையின் பாதைகள் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளில் உருவாகின்றன. ஆகையால் பிறந்த 1 மாதத்திற்குள் செவிப் பரிசோதனை, 3 மாதத்திற்குள் நோய் நிர்ணயம், 6 மாதத்திற்குள் செவிக்கருவியும் பயிற்சியும் என்று ஒரு கணக்கு வகுத்திருக்கிறார்கள். பரிசோதனையைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. தூங்கும் குழந்தையின் காதில் ஒரு சிறு முனையை வைத்து மெல்லிய ஒலியைச் செலுத்தி, உட்செவியிலிருந்து திரும்பி வரும் எதிரொலியை அளக்கிறார்கள். சில நிமிஷ வேலை, வலி கிடையாது.

கருவி வாங்கிவிட்டால் போதுமா? போதாது. இங்கேதான் ட்ரேஸி அம்மையாரின் பெருமை விளங்குகிறது. காது கேளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் காது கேட்கும் பெற்றோருக்கே பிறக்கிறார்கள் என்பது அமெரிக்காவில் எடுத்த கணக்கு. அப்பெற்றோருக்கு இந்த உலகமே புதிது. என்ன செய்வதென்று தெரியாது. ஆகவே முதலில் பெற்றோருக்குப் பாடம் வேண்டும் என்று அம்மையார் கண்டார். 1942-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஒரு சிறிய கட்டடத்தில், மகன் பெயராலேயே ஒரு நிலையத்தை ஆரம்பித்தார். தூரத்தில் உள்ள குடும்பங்களுக்கு 1943 முதல் தபாலில் பாடங்கள் சென்றன. கட்டணம் இல்லை. பேசமாட்டான் என்று சொல்லப்பட்ட ஜான் பேசக் கற்றார், படித்தார், சித்திரக் கலை பயின்று வால்ட் டிஸ்னியின் ஸ்டூடியோவில் உத்தியோகமும் பார்த்தார்.

நமது நாட்டிலும் இத்தகைய தொண்டு உண்டு. பாளையங்கோட்டையில் காது கேளாத குழந்தைகளுக்கென்று 1890-களிலேயே பள்ளிக்கூடம் தோன்றிவிட்டது. சென்னையில் 1969-இல் ஏற்பட்ட பால வித்யாலயா என்னும் பள்ளி, கைக்குழந்தைப் பருவத்திலேயே குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, தாய்மாரையும் வகுப்பில் உட்கார வைத்துப் பயிற்சி அளிக்கும் முறையைக் கைக்கொண்டது.

பாடம் என்றால் கரும்பலகையும் பிரம்பும் அல்ல. குழந்தையின் முகத்துக்கு நேரே, அதன் உயரத்துக்குக் குனிந்து பேச வேண்டும். வானொலியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிட வேண்டும். தோசை வார்க்கும்போது தோசையைப் பற்றி, குளிப்பாட்டும்போது தண்ணீரைப் பற்றி, ஒரே சொல்லைச் சலிக்காமல் பல தடவை சொல்ல வேண்டும். இதைத் தாய் ஒருத்தியின் தலையில் மட்டும் கட்டுவது நியாயமல்ல. தகப்பனார் பத்திரிகையைக் கொஞ்சம் கீழே வைக்கலாம். தாத்தாவும் பாட்டியும் கதை சொல்லலாம்.

கைஜாடை விஷயத்திலும் நமக்கு ஒரு வீண் வெட்கம் இருக்கிறது. 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மகாநாடு, சைகையைத் தள்ளிப் பேச்சையே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானித்தது. அந்தத் தீர்மானத்தை 2010-இல் வான்கூவரில் கூடிய மகாநாடு நிராகரித்தது. இடையே சென்றவை 130 ஆண்டுகள்! சைகை மொழி இலக்கணம் உள்ள முழுமையான பாஷை. இந்தியச் சைகை மொழிக்கென்று 2015-இல் டில்லியில் மத்திய ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 2021-இல் அதன் அகராதி 10,000 சொற்களை எட்டியது. பேச்சோ சைகையோ, இரண்டுமோ, எதுவாயினும் குழந்தைக்குக் காலத்தில் ஒரு பாஷை கிடைக்க வேண்டும், அதுவே முக்கியம்.

சர்க்கார் என்ன செய்கிறது? 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத ஊனமுள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. நல்ல சட்டம். ஆனால் கல்வி உரிமை தொடங்குவது ஆறு வயதில். பாஷை வேரூன்றுவதோ அதற்கு வெகு முன்னால். இந்த இடைவெளியில்தான் எத்தனையோ குழந்தைகளின் வாழ்வு நழுவிப்போகிறது. ஒவ்வொரு பிரசவ ஆஸ்பத்திரியிலும் செவிப் பரிசோதனையும், ஒவ்வொரு தாலுகாவிலும் தாய்மாருக்குச் சொல்லித்தரும் ஓர் ஆசிரியையும் வேண்டும் என்று நாம் கேட்பது பேராசையல்ல.

அதுவரை நாம் காத்திருக்கலாமா? உங்கள் வீட்டிலோ அடுத்த வீட்டிலோ, கதவு சாத்தும் ஓசைக்குத் திரும்பாத குழந்தை ஒன்று இருக்கலாம். "பேசும், பேசும்" என்று சொல்லி ஆண்டுகளை ஓட்டாதீர்கள். நாளைக் காலையிலேயே வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேசத்தின் குழந்தைகளில் ஒன்றுகூடப் பாஷையின்றி வளரலாகாது.