சேற்றில் மறையும் தழைச்சத்து

நீர் கட்டிய நெல் வயலில், சேற்றின் மேற்படலத்திற்குக் கீழே பிராணவாயு மிக அரிது. எனினும் அங்கு வாழும் பாக்டீரியாக்கள் பல சுவாசிக்கத் தவறுவதில்லை. நாம் விலை கொடுத்து வாங்கி இட்ட உரத்தின் நைட்ரேட்டையே பிராணவாயுவுக்குப் பதிலாகக் கொள்கின்றன.

இதனைச் செய்பவை அவற்றின் என்ஸைம்கள். மாலிப்டினம் என்னும் உலோகம் தாங்கிய முதல் என்ஸைம் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்குகிறது. அடுத்தவை அதனை வாயுவாக்குகின்றன. தாமிரம் கொண்ட கடைசி என்ஸைம் வெறும் நைட்ரஜனாக்கி ஆகாயத்திற்கு அனுப்பிவிடுகிறது. பயிருக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை.

ஆகவே நன்செய்க்கு நைட்ரேட் உரம் ஏற்றதன்று. அம்மோனியம் சல்பேட்டையோ யூரியாவையோ சேற்றினுள் அமிழுமாறு இடுதல் நன்று. இட்டபின் வயலைக் காயவிட்டால் அம்மோனியா நைட்ரேட்டாகும்; மீண்டும் நீர் கட்டியதும் அதுவும் அவ்வழியே போகும். வாய்க்கால் நீர் முறை தவறும் ஊர்களில் இது எளிதன்று என்பதை அறிவோம். அங்கே உரத்தைச் சிறிது சிறிதாகப் பகிர்ந்திடலாம்.