விடுமுறையும் சின்னஞ்சிறு குழந்தைகளும்

பள்ளி மணி கடைசி முறையாக ஒலித்து விடுமுறை தொடங்கியதும் மாணவர்தம் உள்ளம் துள்ளுகின்றது. அதே வேளையில் பெற்றோர் உள்ளத்தில் ஒரு கணக்கு ஓடத் தொடங்குகின்றது. பிள்ளைகளின் விடுமுறை வாரக் கணக்கில் நீள்வது. தாய் தந்தையர்க்குக் கிடைக்கும் விடுப்போ நாள் கணக்கில் முடிந்துவிடுவது. நம் நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின்படி, ஒரே முதலாளியிடம் இரண்டாண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவர்க்கு ஆண்டொன்றுக்குக் குறைந்தது 8 நாளும், இரண்டாண்டு நிறைந்து ஐந்தாண்டு நிறையாதவர்க்கு 12 நாளும், அதற்கு மேற்பட்டவர்க்கு 16 நாளும் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. இளங்குடும்பத்தின் தலைவர் பெரும்பாலும் வேலைக்குப் புதியவராகவே இருப்பார். அவருடைய 8 நாளில் குழந்தையின் காய்ச்சலுக்கு இரண்டு நாள் போகும். உறவினர் திருமணத்திற்கு ஒரு நாள் போகும். தீபாவளிக்கு முன்னும் பின்னும் இரண்டு நாள் போகும். எஞ்சுவது மூன்று நாள்தான். அவற்றுள் ஒரு நாளைச் சிறு குழந்தைகளுடன் எவ்வாறு கழிக்கலாம் என்பதை இங்குச் சிறிது விரிவாகக் காண்போம்.

சட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தமையால் இன்னொன்றையும் கூறிவிடுதல் நலம். 2023ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் தொடங்கித் தாய்மார்க்குரிய மகப்பேற்று விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்துள்ளது. தந்தைக்கும் 7 நாள் சம்பளத்துடன் கூடிய விடுப்பு உண்டு. மணமானவராகவும், அதே முதலாளியிடம் 12 மாதமேனும் பணிபுரிந்தவராகவும் அவர் இருத்தல் வேண்டும். பேறுகாலத்திற்கு 30 நாள் முன்னதாகவே முதலாளிக்கு அறிவித்தலும் வேண்டும். வாரத்தின் வேலை நேரமும் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைக்கப்பட்டது. கேளாதவர்க்கு இவற்றை எவரும் வீடு தேடிக் கொண்டுவந்து கொடுக்கமாட்டார். ஆதலின் இதனை எழுத நேர்ந்தது.

நம் பாட்டிமார் காலத்தில் தோட்டப்புற வாழ்க்கையின் ஒழுங்கு வேறாக இருந்தது. விடியற்காலை இருளிலேயே பிரட்டுக்குச் செல்லும் தாய், கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுச் செல்வாள். அங்கே வரிசையாகத் தூளிகள் தொங்கும். ஒரே ஆயா பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள். வறுமைக்கும் நோய்க்கும் அங்குக் குறைவில்லை. அவ்வாழ்வைப் பொற்காலம் என்று புகழ்வதற்கில்லை. எனினும் பால் நிறுத்து முடிந்ததும் பெற்றோர் வீடு திரும்பிவிடுவர். லயத்து வாசலில் மாலைப் பொழுது முழுவதும் பேச்சு நடக்கும். கதையும் விடுகதையும் வசையும் வாழ்த்தும் குழந்தையின் காதில் ஓயாது விழுந்துகொண்டே இருக்கும். தமிழை அக்குழந்தைக்கு எவரும் கற்பிக்கவில்லை; அது தானாக வந்தது.

இன்றோ தந்தை ஒரு முறையில் வேலைக்குச் செல்கின்றார். தாய் மற்றொரு முறையில் செல்கின்றாள். அடுக்குமாடி வீட்டில் கதவைச் சாத்திவிட்டால் அண்டை வீட்டாரின் குரலும் கேட்பதில்லை. அழும் குழந்தையை அமர்த்துவதற்குக் கைப்பேசி ஒன்றே துணையாகிவிடுகின்றது. களைத்து வரும் தாயைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதலைப் பெற்றோர் அறிந்திருத்தல் வேண்டும். ஒரு வயதும் அதற்குக் குறைவுமான குழந்தைகளுக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயதுவரை உள்ளோர் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் திரை முன் அமர்ந்திருத்தல் ஆகாது என்றும் அது கூறுகின்றது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளை நாள்தோறும் மொத்தம் மூன்று மணி நேரமாவது உடலை அசைத்து ஆடி ஓட வேண்டும். பகல் உறக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் உறங்கவும் வேண்டும். கைப்பேசி பேசும், ஆனால் குழந்தை கேட்கும் கேள்விக்கு அஃது மறுமொழி சொல்வதில்லை. கேட்டலும் மறுமொழி கூறலும் மாறிமாறி நடைபெறும் இடத்தில்தான் சிறு குழந்தையின் மொழி வளர்கின்றது. முதலாம் ஆண்டில் வந்து அமரும் பிள்ளைகளுள் எவர் வீட்டில் பேச்சு நடக்கின்றது, எவர் வீட்டில் நடப்பதில்லை என்பதை ஆசிரியர்கள் முதல் வாரத்திலேயே அறிந்துகொள்வர்.

இனி அந்த ஒரு நாளுக்கு வருவோம். கிள்ளான் பள்ளத்தாக்கில் செல்லுமிடங்களுக்குப் பஞ்சமில்லை. 1888ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கோலாலம்பூர் ஏரிப் பூங்கா உள்ளது. 1963ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தேசிய விலங்ககமும் தேசியப் பொருட்காட்சிச்சாலையும் உள்ளன. பெட்டாலிங் ஜெயாவிலேயே தாமான் ஜெயாவின் ஏரிக்கரை உண்டு. பெரியோர் செய்யும் பிழை யாதெனில், ஒரே நாளில் நான்கு இடங்களையும் காட்டிவிட முனைவதே. மூன்று வயதுக் குழந்தைக்கு யானையும் ஒன்றுதான், யானைக் கூண்டின் ஓரமாக ஊர்ந்து செல்லும் எறும்பு வரிசையும் ஒன்றுதான். அக்குழந்தை எறும்பைப் பார்த்து நின்றால் நாமும் நிற்க வேண்டும். நுழைவுச் சீட்டின் விலையை எண்ணி இழுத்துக்கொண்டு ஓடினால், நண்பகலில் அழுகையே மிஞ்சும்.

இக்காரணத்தினாலேயே, இடம் எதுவாயினும் வழியே காட்சியாக அமையும் பயணம் ஒன்றை இங்குப் பரிந்துரைக்கின்றோம். பெட்டாலிங் ஜெயா பழைய நகரின் அருகிலுள்ள ஜாலான் டெம்பளர் நிலையத்தில் இரயில் ஏறிக் கிள்ளான் துறைமுகம் வரை செல்வதே அது. ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம், செலவும் குறைவு. தந்தைக்கும் தாய்க்கும் நடுவே பிள்ளையை நெருக்கி அமர்த்தி, மோட்டார் சைக்கிளில் கூட்டரசு நெடுஞ்சாலையில் விரைவதைக் காட்டிலும் இது நூறு மடங்கு மேலானது. காரில் செல்வோர் குழந்தைக்கென உரிய இருக்கையைப் பொருத்த வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு முதல் சட்டமாகியுள்ளது. மோட்டார் சைக்கிளிலோ அத்தகைய காப்பு எதுவும் இல்லை. பெண்களுக்கெனத் தனிப் பெட்டி 2010ஆம் ஆண்டிலிருந்து இவ்விரயிலில் இருப்பதால், தனியே குழந்தையுடன் வரும் தாய்மாரும் அச்சமின்றிச் செல்லலாம்.

இரயிலில் அமர்ந்ததும் நிலையங்களின் பெயரைக் கொண்டே ஒரு விளையாட்டு ஆடலாம். எழுத்தறிந்த அண்ணன் பெயர்ப்பலகையைப் படிக்கட்டும். தங்கை பொருளைக் கேட்கட்டும். 'பத்து தீகா' என்றால் மலாயில் 'கல் மூன்று'; மைல்கல்லைக் கொண்டு ஊரைக் குறிக்கும் வழக்கம் இது. நம் மக்கள் 'மூன்றாம் கட்டை', 'ஐந்தாம் கட்டை' என்று கூறுவதும் இதே முறையில்தான். 'பாடாங் ஜாவா' என்பது ஜாவாத் திடல். அடுத்து வரும் 'புக்கிட் பாடாக்' என்னும் பெயரைக் கேட்டால் குழந்தைகள் துள்ளி எழுவர். பாடாக் என்பது காண்டாமிருகம். எனவே அது காண்டாமிருகக் குன்று! "இப்பொழுது அங்கே காண்டாமிருகம் இருக்கிறதா, அப்பா?" என்ற கேள்வி தவறாமல் வரும். இல்லை என்றே விடை கூற வேண்டும். நம் நாட்டின் கடைசிச் சுமத்திரா காண்டாமிருகம் 2019ஆம் ஆண்டு சபாவில் இறந்துபோயிற்று. கிள்ளானைத் தாண்டியதும் வருவது 'தெலுக் பூலாய்'. தெலுக் என்பது விரிகுடா. பூலாய் என்பதோ ஒரு மரம். தமிழில் ஏழிலைப்பாலை என்று வழங்கும் மரம் இவ்வினத்தைச் சார்ந்ததே.

இப்பாதையின் வரலாறு பெரிய பிள்ளைகளுக்கு உரியது. மலாயாவின் முதல் இரயில் பாதை 1885ஆம் ஆண்டு தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டே கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இப்பாதை அமைந்தது. ஆற்றின்மீது அப்பொழுது பாலம் இல்லை. இரயிலை விட்டிறங்கிப் படகேறித்தான் அக்கரையிலுள்ள கிள்ளானை அடைந்தனர். 1890ஆம் ஆண்டில் பாலம் கட்டப்பட்டது. காட்டை வெட்டிக் கல்லை உடைத்துத் தண்டவாளம் இட்டவர்களுள் தமிழர் மிகப் பலர். நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் யாழ்ப்பாணத் தமிழர் பலர் பணிபுரிந்தனர். பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரமும் செந்தூலும் இரயில்வே தொழிலாளர் குடியிருப்புகளாலேயே தமிழர் வாழும் இடங்களாயின. மின்சாரத்தில் ஓடும் கொமுட்டர் இரயில் வந்தது 1995ஆம் ஆண்டில்.

சாளரத்தின் வழியே இன்று தெரிபவை ஆலைகளும் அடுக்குமாடிகளும் ஆகும். ஆயினும் பெட்டாலிங் ஜெயாவே ஒரு காலத்தில் எஃபிங்காம் என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்த நிலம். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்கும்பொருட்டு 1950களின் தொடக்கத்தில் அங்கே துணைநகரம் எழுந்தது. 2006ஆம் ஆண்டில் அது மாநகராயிற்று. ஷா ஆலாமும் ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்ட நிலமே. பாட்டியோ தாத்தாவோ உடன் வந்தால் இவ்விடத்தில் அவர்களைப் பேசவிடுதல் வேண்டும். அவர்கள் சுட்டிக்காட்டும் தோட்டம் நம் கண்ணுக்குத் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

பாதை முடியுமிடம் துறைமுகம். 1901ஆம் ஆண்டு 'போர்ட் சுவெட்டன்ஹாம்' என்ற பெயரில் திறக்கப்பட்ட இது, 1972ஆம் ஆண்டில் கிள்ளான் துறைமுகம் என்று பெயர் மாற்றம் பெற்றது. திறந்த சில வாரங்களிலேயே மலேரியாக் காய்ச்சல் பரவித் தொழிலாளர் பலர் வீழ்ந்தமையால் துறைமுகத்தை மூட நேர்ந்தது என்பதைப் பலர் அறியார். கொசுவே இந்நோயைப் பரப்புகின்றது என்பதை இந்தியாவில் ரொனால்டு ராஸ் 1897ஆம் ஆண்டு கண்டறிந்திருந்தார். கிள்ளான் மாவட்ட மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அவ்வறிவைச் செயலாக்கினார். சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டி நீரை வடியச் செய்தார், கொசு முட்டையிட இடமின்றிப் போயிற்று, காய்ச்சலும் தணிந்தது. இன்று நம் வீட்டுப் பூச்சட்டித் தட்டில் தேங்கும் நீரைக் கொட்டச் சொல்வது டிங்கிக் காய்ச்சலைத் தடுப்பதற்காக. கொசுவின் இனம் வேறு, செய்யும் முறை அதுவே.

இத்துறைமுகத்தின் வழியாகத்தான் நம் முன்னோர் பல்லாயிரவர் இந்நாட்டில் கால் வைத்தனர். 'ரஜூலா' என்ற கப்பலின் பெயரைக் கேட்டதும் முதியோர் முகம் மாறுவதை நாம் கண்டிருக்கிறோம். 1926 முதல் 1973 வரை சென்னைக்கும் நாகப்பட்டினத்திற்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய கப்பல் அது. பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் ஆகிய மூன்று இடங்களிலும் அது பயணிகளை இறக்கியது. குழந்தைக்குக் கப்பலின் பெயரும் ஆண்டும் வேண்டுவதில்லை. "நம் கொள்ளுத் தாத்தா இந்தத் தண்ணீர் மேல்தான் வந்தார்" என்ற ஒரு சொல் போதும்.

நேரமும் கையில் சிறிது பணமும் இருப்பின், நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவிலுள்ள படகுத்துறையில் கெத்தாம் தீவுக்குப் படகேறலாம். கெத்தாம் என்றால் நண்டு. சீன மீனவர் பல தலைமுறையாக வாழும் அத்தீவில் கார் கிடையாது, சைக்கிள்களே ஓடும். வீடுகள் யாவும் கால்கள் மீது நிற்கின்றன. ஏன் அவ்வாறு கட்டினர் என்று குழந்தை கேட்கும். அதற்கு விடை கடலின் ஏற்றவற்றம். நிலவும் கதிரவனும் கடல்நீரை ஈர்ப்பதால் இக்கரையில் நாளொன்றுக்கு இருமுறை நீர் ஏறி இருமுறை வற்றுகின்றது. ஏறி வற்றுவதற்கு ஏறத்தாழப் பன்னிரண்டரை மணி நேரம் ஆகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் இவ்வேற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 4 மீட்டர் வேறுபாடு உண்டாகும். ஒரு மாடி வீட்டின் உயரம் அது! நீர் வற்றிய வேளையில் வீட்டின் அடியில் சேறு மட்டுமே தெரியும். அச்சேற்றில், முன் துடுப்புகளையே கைகளாக ஊன்றித் தத்திச் செல்லும் சிறு மீனைக் காணலாம். மலாய் மக்கள் அதனைப் 'பெலாச்சாக்' என்பர். வாயில் நீரைத் தேக்கிக்கொண்டும், ஈரத் தோலின் வழியே காற்றை ஏற்றும் அது நிலத்தில் உயிர்வாழ்கின்றது. மீன் நடப்பதைக் கண்ட குழந்தை அன்று வேறெதையும் காண விரும்பாது, காணவும் வேண்டியதில்லை.

ஒரு கடுமையான சொல்லையும் இங்குச் சொல்லியாக வேண்டும். தண்ணீரில் மூழ்கும் சிறு குழந்தை திரைப்படத்தில் காண்பதுபோல் கூச்சலிட்டுக் கையசைப்பதில்லை. ஓசையின்றி ஒரு நிமிடத்திற்குள்ளேயே மூழ்கிவிடும். முழங்கால் அளவு நீரும் அதற்குப் போதும். ஆதலின் படகிலும் மரப்பலகை நடைபாதையிலும் குழந்தையின் கையை ஒருவர் பிடித்தே இருத்தல் வேண்டும். 'யாரேனும் பார்த்துக்கொள்வர்' என்று எல்லாரும் எண்ணினால் எவரும் பார்க்காமற்போவர்; எனவே இன்ன நேரம் தந்தை, இன்ன நேரம் தாய் என்று முன்னரே பேசி வைத்துக்கொள்ளலாம். மிதவைச் சட்டை இருந்தால் கேட்டு வாங்கி அணிவித்த பின்னரே படகில் அமர வேண்டும்.

வெயிலேறுமுன் புறப்படுதல், வீட்டிலிருந்தே கொதித்தாறிய நீரும் பசியாற ஏதேனும் கட்டுச் சாதமும் எடுத்துச் செல்லுதல், மாற்றுடை ஒன்றுக்கு இரண்டாக வைத்தல் ஆகியவற்றைத் தாய்மார்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பகல் உறக்கத்திற்குரிய நேரத்தைத் திரும்பும் இரயிலுக்கு ஒதுக்கிவிட்டால், குழந்தை தோளிலேயே உறங்கிவிடும். பெரியோர்க்கும் சற்றுக் கண்ணயர வாய்ப்புண்டு. தீவிலிருந்து திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை மட்டும் காலையில் படகேறும்பொழுதே கேட்டு வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.