களப்புக்குள் புதிதாக ஒன்று வரும்போது கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு, படகில் கற்பிட்டியில் வந்து இறங்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வெறுங்கையோடு வந்த வாப்பா, இரவல் வலையோடு புத்தளம் களப்பில் இறங்கினார். அன்று தொடக்கம் எங்களுக்குச் சோறு போட்டது இந்தக் களப்புத்தான்.

அண்மையில் கரையோரக் கிராமமொன்றில் கடற்பாசி வளர்ப்பைப் பற்றிப் பேச்சு வந்தபோது, வயதான தாயொருவர் கேட்டார்: "கயித்துல கட்டுற பாசி கயித்துலயே நிக்குமா மகன், இல்ல களப்பெல்லாம் போகுமா?" எவ்வளவு வருமானம் வரும் என்று மற்றவர்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அவருடையதுதான்.

"அந்நிய இனம்" என்ற சொல்லை நான் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். வந்தவர்கள் என்று சுட்டப்பட்டதன் வலி எனக்குத் தெரியும். ஆனால் நீர்வாழ் உயிரிகள் விடயத்தில் அது எங்கிருந்து வந்தது என்பதை விட, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதே முக்கியம். 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று குளத்து மீன்பிடியின் முதுகெலும்பு. 1939 இல் கல்வித் தேவைக்காகக் கொண்டுவரப்பட்ட சல்வீனியாவோ குளங்களையும் வாய்க்கால்களையும் மூடியது. ஆகாயத்தாமரையைத் தடுக்க இந்த நாட்டில் 1909 இலேயே சட்டம் வந்தது. சட்டத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது, செடி இன்னும் இருக்கிறது. பரவிய பின் அகற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆபத்தை எப்படி மதிப்பிடுவது?

ஆய்வாளர்கள் நீண்ட படிவங்களை நிரப்புவார்கள். அவற்றின் சாரம் நான்கு கேள்விகள். எந்த வழியால் வரும்? வந்தால் இங்கே உயிர் பிழைக்குமா? பிழைத்தால் பரவுமா? பரவினால் யாருக்கு, எதற்கு நட்டம், அதைத் திருத்த முடியுமா? முதல் மூன்றுக்கும் "ஆம்" என்றும், கடைசிக்குத் "திருத்த முடியாது" என்றும் பதில் வந்தால், எவ்வளவு இலாபம் காட்டினாலும் நிறுத்தி யோசிக்க வேண்டும்.

வழிகளைப் பார்ப்போம். கப்பல் தள்ளாடாதிருக்க அதன் தொட்டிகளில் நிரப்பும் நீர் ஒரு வழி. அதைக் கட்டுப்படுத்தும் 2004 ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை 2017 செப்டெம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. சென்னைக்கு வடக்கே எண்ணூர், பழவேற்காட்டுப் பகுதியில் மீனவர்கள் "காக்கா ஆழி" என்று அழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி அந்த நீரோடுதான் வந்திருக்க வேண்டும் என்று சந்தேகிக்கப்படுகிறது. சேற்றுத் தரையைக் கம்பளம்போல் மூடி, இறால் ஒதுங்கும் இடத்தையே அது பிடித்துக்கொண்டது. நுரைச்சோலைக்கு நிலக்கரிக் கப்பல்கள் சரக்கோடு வருவதால் அந்த நீரை இங்கே கொட்டும் தேவை குறைவு. ஆனால் கப்பலின் அடியில் ஒட்டிவருபவற்றைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்குப் புத்தளம் களப்பின் உவர்த்தன்மையை அறிய வேண்டும். வடக்கில் கலா ஓயாவின் நன்னீர் கலக்கிறது. தெற்கில், உப்பளங்கள் இருக்கும் பாலாவிப் பக்கம், வெயில் காலத்தில் நீர் கடலை விட உப்பாகிறது. ஆகவே நன்னீருக்கு மட்டும் பழகியவை இங்கே பெரும்பாலும் தாக்குப்பிடிக்காது. உப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் காக்கா ஆழி போன்றவையே நமக்கு ஆபத்து.

மூன்றாவது, பரவல். அந்தத் தாயின் கேள்விக்கான பதில் மன்னார் வளைகுடாவின் மறுகரையில் இருக்கிறது. கப்பாபைக்கஸ் என்ற கடற்பாசி இராமநாதபுரம் கரையில் வாழ்வாதாரமாக வளர்க்கப்பட்டது. 2008 இல் குருசடைத் தீவருகே அது பவளப்பாறைகளின் மேல் படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். உடைந்த சிறு துண்டும் புதிய செடியாகும். யுத்தத்துக்குப் பின் வலைப்பாடு போன்ற வடக்குக் கிராமங்களில் பல பெண்களுக்கு உழைப்புத் தந்ததும் இதே பாசிதான். ஆகவே வேண்டாம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட முடியாது. பவளப்பாறைக்கும் கடற்புல்லுக்கும் எவ்வளவு தொலைவில் கட்டுவது, அறுந்த துண்டுகளை யார் பொறுக்குவது, பரவினால் யார் பொறுப்பு என்பவற்றைக் கயிறு கட்டுமுன் எழுதி வாங்க வேண்டும்.

நான்காவது, நட்டம். இதை நாங்கள் நேரிலேயே பார்த்தோம். 1996 இல் வெண்புள்ளி நோய் சிலாபம் தொடக்கம் புத்தளம் வரை இறால் பண்ணைகளை அழித்தது. ஒரு பண்ணை வெளியேற்றிய நீரை அடுத்த பண்ணை உள்ளிழுத்தது. ஒல்லாந்தர் கால்வாயும் களப்பும் அந்த நோய்க்குப் பாதையாயின. கண்டல் வெட்டித் தோண்டிய தொட்டிகள் பல பாழாய்க் கிடந்தன. இன்று அமெரிக்கப் பசிபிக் கரையின் வனாமி இறால் இங்கே வளர்க்கப்படுகிறது. நோயற்ற குஞ்சு என்ற சான்றிதழ் அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. தப்பிச் செல்லாத தடுப்பும், வெளியேற்றுமுன் நீரைச் சுத்திகரிப்பதும் வேண்டும்.

நம் கையில் இருப்பவை

தடுப்பு என்பது துறைமுகத்தில் மட்டும் நடப்பதல்ல. பருவத்துக்குப் பருவம் இந்தக் கரையிலிருந்து வடகிழக்குக்குப் படகுகளும் வலைகளும் போய் வருகின்றன. அந்தத் தொழிலுரிமைச் சர்ச்சை வேறு. ஆனால் ஈர வலையும் அடிப்பலகையும் உயிரிகளைச் சுமக்கும். ஒரு களப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போகுமுன் வலையைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். படகின் அடியைக் கரையில் வைத்துச் சுரண்டி, சுரண்டியதை நீருக்கு எட்டாமல் புதையுங்கள். அலங்கார மீன் வளர்ப்பவர்கள் வேண்டாத மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விடாதீர்கள்.

பழக்கமில்லாத சிப்பியோ பாசியோ வலையில் வந்தால் படமெடுத்து, இடத்தையும் திகதியையும் குறித்து, கடற்றொழில் பரிசோதகரிடமோ நாராவிடமோ காட்டுங்கள். எண்ணூரிலும் அந்தச் சிப்பியை முதலில் உணர்ந்து முறையிட்டவர்கள் மீனவர்களே.

யுத்தம் எங்களிடமிருந்து பறித்த கடலை எங்களால் தடுத்திருக்க முடியாது. இந்தக் களப்பின் விடயம் அப்படியல்ல. அடுத்த கூட்டத்தில் யாராவது புதிய இனமொன்றைப் பையில் கொண்டுவந்தால், அந்தத் தாயின் கேள்வியை முதலில் கேளுங்கள்.