உங்களுக்குத் தெரியுமா? பிளக்கின் மூன்றாவது பின்

ஃபிரிட்ஜ், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் ஆகியவற்றின் பிளக்கைக் கவனியுங்கள். மூன்று பின்களில் ஒன்று மட்டும் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கும். அதுதான் எர்த் பின்.

● ஏன் நீளம்? பிளக்கைச் செருகும்போது அது முதலில் இணைய வேண்டும். பிடுங்கும்போது கடைசியாக விடுபட வேண்டும். மின்சாரம் வருவதற்கு முன்பே பாதுகாப்பு வந்துவிடுகிறது.

● ஏன் தடிமன்? தவறிப்போய்கூட மற்ற இரு ஓட்டைகளில் அது நுழையக் கூடாது.

● அதன் வேலை என்ன? உள்ளே வயர் அறுந்து இரும்பு உடலில் பட்டால், மின்சாரம் நம் உடல் வழியாகப் போகாமல், எர்த் வயர் வழியாக எளிதில் பாய்ந்துவிடும். அந்த வேகத்தில் ஃபியூஸ் போகும், இணைப்பு துண்டிக்கப்படும்.

● ஃபியூஸ் மட்டும் போதுமா? 230 வோல்ட்டில் 60 வாட் குண்டு பல்பு எடுப்பது சுமார் 260 மில்லி ஆம்பியர். மனித உயிருக்கு ஆபத்து விளைவிக்க அதில் ஒரு சிறு பங்கே போதும். ஆனால் 5 ஆம்பியர் ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது!

● அதற்காகவே ஆர்.சி.சி.பி. என்ற பாதுகாப்புக் கருவி. வீடுகளில் பொருத்தும் வகை, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும்.

உங்கள் வீட்டு மெயின் போர்டில் அது இருக்கிறதா? பெரியவர்களைக் கேளுங்கள். இருந்தால், அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த் பின்னை மட்டும் ஒருபோதும் உடைக்காதீர்கள்!