வண்ணப் பொடிக்கு வாய்ச்சொல் போதுமா?



பெங்களூர் ஸ்ரீராமபுரத்தில் எனக்குப் பழக்கமான ஒருவர் இருக்கிறார். சேலத்துப் பக்கத்திலிருந்து வந்தவர். வீட்டின் பின்கட்டில் நான்கு ஆட்களை வைத்துக்கொண்டு ஜாங்கிரியும் காராசேவும் செய்து கடைகளுக்குப் போடுகிறார். ஒரு தீபாவளிக்கு முன் அவரைக் காணச் சென்றிருந்தேன். அடுப்பருகே ஒரு பிளாஸ்டிக் பையில் ஆரஞ்சு நிறப் பொடி இருந்தது. பையின்மேல் பெயருமில்லை, எண்ணுமில்லை. "இது யார் செய்த பொடி?" என்று கேட்டேன். "பத்து வருஷமா ஒரே கடையிலதான் வாங்குறேன் அண்ணா. நம்ம ஊர்க்காரர்தான்" என்றார்.

அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆயினும் நான் கேட்ட கேள்விக்கு அது விடையன்று. விற்றவர் யார் என்பது அவருக்குத் தெரியும்; செய்தவர் யார் என்பது தெரியாது. வெளிமாநிலத்தில் வந்து தொழில் செய்கிற நமக்கு ஊர்ப்பாசம் பெரிய துணை. எனினும், பொடியில் என்ன கலந்திருக்கிறது என்பதை ஊர்ப்பாசத்தால் அறிய முடியாது.

இது வீண் அச்சமோ என்று சிலர் எண்ணலாம். 2024 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11 ஆம் நாள் கருநாடக அரசு, கோபி மஞ்சூரியனில் செயற்கை வண்ணம் சேர்ப்பதையும், பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி சேர்ப்பதையும் தடை செய்தது. அதற்கு முன் எடுத்துச் சோதித்த 171 கோபி மாதிரிகளில் 107 பாதுகாப்பற்றவை எனத் தெரிந்தது. பஞ்சு மிட்டாயில் 25 மாதிரிகளுக்கு 15. தமிழ்நாடு அவ்வாண்டு பிப்ரவரியிலேயே ரோடமின் கலந்த பஞ்சு மிட்டாயைத் தடை செய்திருந்தது. ரோடமின்-பி என்பது துணிக்கும் காகிதத்திற்கும் ஏற்றும் சாயம். தள்ளுவண்டிக்காரர் அனைவரும் அதைத் தெரிந்தே வாங்கினர் என்று நான் நம்பவில்லை. பலர் கேட்டது "ரோஸ் கலர்", கிடைத்தது சாயம்.

நம் நாட்டில் உணவுக்கு அனுமதிக்கப்பட்ட செயற்கை வண்ணங்கள் எட்டே எட்டு. டார்ட்ரசின், சன்செட் எல்லோ, கார்மாய்சின், பொன்சோ 4ஆர், எரித்ரோசின் ஆகிய ஐந்தும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வகையைச் சேர்ந்தவை. இண்டிகோ கார்மின், பிரில்லியன்ட் புளூ ஆகிய இரண்டும் நீலம். எஞ்சிய ஃபாஸ்ட் கிரீன் பச்சை. இவற்றையும் எல்லாப் பண்டத்திலும் போட இயலாது. அனுமதியுள்ள பெரும்பாலான பண்டங்களில் உச்ச அளவு கிலோவுக்கு 100 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. நூறு கிலோ ஜாங்கிரிக்குப் பத்து கிராம் வண்ணமே எல்லை. ஒரு கிலோவுக்கு ஒரு சிட்டிகை என்று கையால் அள்ளிப் போட்டால் எல்லை கடந்துபோகும். எனவே சிறு தராசு ஒன்று வாங்குவது நல்லது.

இனி, அனுமதிக்கப்பட்ட பொருளேயானாலும் அதன் தரம் வேறாக இருக்கக்கூடும். ஒரே பெயருள்ள இரசாயனம் தொழிற்சாலைத் தரத்திலும் கிடைக்கும், உணவுத் தரத்திலும் கிடைக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. வேறுபாடு, அதனோடு ஒட்டிவரும் ஈயம், ஆர்சனிக் போன்ற மாசுகளில் இருக்கிறது. இதை உலகுக்குக் காட்டிய நிகழ்ச்சி ஜப்பானில் நடந்தது. 1955 ஆம் ஆண்டு கோடையில், மேற்கு ஜப்பானில் புட்டிப்பால் குடித்த குழந்தைகள் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டு, தோல் கறுத்து வாடின. அனைத்தும் மொரினாகா நிறுவனத்தின் தொக்குஷிமா ஆலையில் செய்த பால்மாவைக் குடித்தவை. பால்மாவில் டைசோடியம் பாஸ்பேட் சேர்ப்பது வழக்கம். வழக்கத்தில் தவறில்லை. ஆனால் வந்து சேர்ந்த பாஸ்பேட், அலுமினியம் பிரித்தெடுக்கும்போது கிடைத்த கழிவிலிருந்து பெறப்பட்டுப் பல கைகள் மாறியது. அதில் ஆர்சனிக் இருந்தது. பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் நோயுற்றன. நூற்றுக்கும் மேற்பட்டவை இறந்தன.

இதிலே நெஞ்சைச் சுடும் செய்தி ஒன்று உண்டு. அதே பாஸ்பேட் முன்னதாக ஜப்பானிய இரயில்வேயின் ஓர் அலுவலகத்துக்கு, நீராவி எஞ்சினின் கொதிகலனைக் கழுவுவதற்காக வந்தது. அவர்கள் சோதித்தார்கள், ஆர்சனிக் இருப்பதைக் கண்டார்கள், திருப்பி அனுப்பிவிட்டார்கள். கொதிகலனுக்கு நடந்த சோதனை குழந்தைகளின் பாலுக்கு நடக்கவில்லை.

நம் நாட்டிலும் 1986 இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில், டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த கிளிசரினால் பதினான்கு நோயாளிகள் மாண்டனர். அங்கே அது மருந்தாக வந்தது. கேக்கின்மேல் பூசும் ஐசிங் உலராமலிருக்கச் சேர்ப்பதும் கிளிசரின்தான்.

ஆகவே மொத்தமாக வாங்குவோர் சான்று கேட்கவேண்டும். எந்தச் சான்று? இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண் கடையில் மாட்டியிருக்கும். 1 என்று தொடங்கினால் உரிமம், 2 என்று தொடங்கினால் பதிவு. அது தொழில் நடத்த இசைவு. இன்று நீங்கள் வாங்கும் பொட்டலத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஐ.எஸ்.ஓ. சான்று, ஆலையின் நிருவாக முறைக்கு உரியது. அதுவும் பொட்டலத்தைப் பற்றியதன்று. பொட்டலத்தைப் பற்றிப் பேசுவது பகுப்பாய்வுச் சான்று ஒன்றே. அதில் பொருளின் பெயர், பன்னாட்டு எண் (டார்ட்ரசினுக்கு 102, சன்செட் எல்லோவுக்கு 110), லாட் எண், தயாரித்த நாள், ஒவ்வொரு சோதனைக்கும் உரிய எல்லை, உண்மையில் கண்ட அளவு, சோதித்தவர் ஒப்பம் ஆகியவை இருக்கவேண்டும். "சரி" என்று மட்டும் எழுதி எண் தராத சான்றை ஏற்காதீர்கள். சென்ற மாதச் சான்றிலும் இம்மாதச் சான்றிலும் எல்லா எண்களும் ஒன்றாகவே இருந்தால், சோதனையே நடக்கவில்லை என்று ஐயுறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, காகிதத்திலுள்ள லாட் எண்ணும் டப்பாவின்மேலுள்ள லாட் எண்ணும் ஒத்திருக்கவேண்டும்.

25 கிலோ டிரம்மை உடைத்து நூறு நூறு கிராமாகக் கட்டி விற்கும்போது இந்தத் தொடர்பு அறுந்துபோகிறது. டிரம்முக்கு இருந்த சான்று கடைக்காரரிடமே தங்கிவிடும்; நம் கைக்கு வருவது பெயரற்ற பை. சிறிய அளவே தேவையென்றாலும், ஆலை முத்திரை உடையாத சிறு டப்பாவையே வாங்குங்கள். சில ரூபாய் கூடுதலாகும். ஆகட்டும்.

அடுத்தது ரசீது. 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வணிகருக்கு உணவுப்பொருள் விற்பவர் அதன் தன்மைக்கும் தரத்துக்கும் எழுத்து மூலம் உறுதி தரவேண்டும். சட்டம் ஒரு சலுகையும் தருகிறது: விற்பனை ரசீதே அந்த உறுதியாகக் கொள்ளப்படும். "ரசீது வேண்டாமென்றால் வரி மிச்சம்" என்று கடைக்காரர் சொல்லும்போது, நீங்கள் இழப்பது அந்த உறுதியை. பொருளை யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத விற்பனையாளர்மீது பொறுப்பு விழும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. பாதுகாப்பற்ற உணவால் உயிர்ச்சேதம் நேர்ந்தால் தண்டனை ஏழாண்டுச் சிறைக்குக் குறையாது. ஆயுட்காலம் வரை நீளலாம்.

என் நண்பருக்கு இவ்வளவையும் சொல்லவில்லை. அந்தப் பையை எடுத்துக்கொண்டு இருவரும் கடைக்குப் போனோம். ஊர்க்காரர் மனம் கோணவில்லை. மூலையிலிருந்த டிரம்மைத் திருப்பிக் காட்டினார். அதன்மேல் ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்திருந்தது. லாட் எண் இருந்த இடம் காணோம். அவரும் வேறொருவரிடமிருந்து வாங்கியவர்தான். பத்தாண்டுகளாக அவரும் அதைக் கேட்டதில்லை.

நண்பர் இப்பொழுது முத்திரையிட்ட நூறு கிராம் டப்பாவை ரசீதோடு வாங்குகிறார். ஒவ்வொரு லாட்டிலிருந்தும் ஐந்து கிராமைச் சிறு புட்டியில் எடுத்து, லாட் எண்ணும் வாங்கிய நாளும் எழுதி, அந்தப் பொடியில் செய்த பலகாரம் விற்றுத் தீர்ந்து ஒரு மாதம் ஆகும் வரை அலமாரியில் வைக்கிறார். அலமாரியில் சென்ற முறை ஏழு புட்டிகள் இருந்தன.